படைக்கலமும் பட்டறைக் கைகளும்

நாடு காக்கும் தொழில் என்றவுடன் எல்லையில் நிற்கும் வீரனே நம் மனக்கண் முன் தோன்றுகிறான். அது முறையே. பனிமலையிலும் பாலை மணலிலும் அவன் கண் விழித்திருப்பதனாலேதான் நாம் கண்ணயர முடிகிறது. ஆயினும், அவன் கையிலுள்ள துப்பாக்கி எங்கே பிறந்தது, அதில் இடும் தோட்டாவை நிரப்பிய கை யாருடையது, அவனுக்கு உணவு கொண்டு செல்லும் வண்டியை எந்தப் பட்டறை உருவாக்கியது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. ஜபல்பூரிலும் கட்கியிலும் அம்பர்நாத்திலும் கான்பூரிலும் இஷாப்பூரிலும், ஆலைச் சங்கு ஊதுமுன் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிக் கொடுத்தனுப்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கேள்வி புதியதன்று. ஏனைய குடும்பத்தினரும் இதனை அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதி, இவ்விதழில் சற்று விரித்துரைக்க விழைகிறோம்.

போர் மூண்டால் பணத்தைக் கொட்டி வேண்டிய ஆயுதங்களைச் செய்துகொள்ளலாம் என்பது பலரும் கொண்டுள்ள எண்ணம். பணம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால், பணம் கொடுத்தும் உடனே பெற முடியாதவை மூன்று உள. தக்க மூலப்பொருள் ஒன்று. அதனை நுண்மையாக அறுத்தும் கடைந்தும் உருவாக்கும் இயந்திரம் மற்றொன்று. அவ்வியந்திரத்தை இயக்கிப் பழகிய கை மூன்றாவது. நம் ஊர்களில் ஏரியைக் கோடையில்தான் தூர் வாருவார்கள். மழை கொட்டும்பொழுது மண்வெட்டியுடன் ஓடுகிறவன் கரையைக் காக்க இயலாது. படைக்கல உற்பத்தியும் அத்தகையதே. போர்க்காலத்துக்கு வேண்டும் ஆற்றலை அமைதிக் காலத்திலேயே தேக்கி வைத்தாக வேண்டும். இந்தப் பாடத்தை நம் நாட்டு வரலாறு பலமுறை, பெரிய விலை வாங்கிக்கொண்டு, நமக்குக் கற்பித்திருக்கிறது.

கோட்டையில் தொடங்கிய தொழில்

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1775-ஆம் ஆண்டிலேயே கல்கத்தா வில்லியம் கோட்டையில் படைக்கல வாரியம் ஒன்றை நிறுவினர். 1801-ல் கல்கத்தாவை அடுத்த காசிப்பூரில் பீரங்கி வண்டிகள் செய்யும் நிலையம் தோன்றிற்று. 1802 மார்ச் 18-ல் அங்கு உற்பத்தி தொடங்கியது; அந்நாளே இன்றளவும் படைக்கலத் தொழிற்சாலை நாளாகக் கொண்டாடப்படுகிறது. பின்னர், புனாவை அடுத்த கிர்க்கியில், அதாவது இன்றைய கட்கியில், 1869-ல் வெடிபொருள் தொழிற்சாலை எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜபல்பூரில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையும், இஷாப்பூரில் துப்பாக்கித் தொழிற்சாலையும், நம் நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலையும் ஏற்பட்டன. மலை ரயிலில் உதகைக்குச் சென்றோர் அருவங்காடு நிலையத்தைக் கடந்திருப்பர். அந்தக் குளிர்ந்த பள்ளத்தாக்கில் வெடிமருந்து செய்யும் ஆலை ஒன்று நூறாண்டுகளுக்கு மேலாக இயங்கி வருவதை அறிந்தோர் எத்தனை பேர்!

இவ்வாலைகள் ஆள்வோரின் தேவைக்காக அமைந்தவை. எளிய கருவிகளையும் தோட்டாக்களையும் இங்கே செய்துகொண்டு, நுண்ணிய கருவிகளையும் எஞ்சின்களையும் இங்கிலாந்திலிருந்தே தருவிப்பது அவர்தம் கொள்கை. முதல் உலகப் போர் நீண்டு, கப்பல்கள் கடலில் மூழ்கத் தொடங்கிய பின்னரே, 1917-ல் இந்தியத் தளவாட வாரியம் அமைந்தது. சாக்சியில் டாட்டா நிறுவனம் வார்த்த தண்டவாளங்கள் மெசபடேமியப் போர்முனைக்குச் சென்றன. அந்த உதவியை நினைந்தே 1919-ல் சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்னும் பெயர் சூட்டப்பட்டது. போர் முடிந்தது, ஊக்கமும் தணிந்தது. செய்ய வல்லோம் என்பது விளங்கிற்று. செய்யும் வழக்கம் நிலைபெறவில்லை.

ஒரு திரவமும் ஒரு பேரரசும்

அதே போரில் பிரிட்டனே பட்ட பாட்டை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். அக்காலத்தில் உலகத் தொழில்களின் தலைமையிடங்களுள் ஒன்றாக விளங்கிய அந்நாட்டில், 1915 மே மாதத்தில் பீரங்கிக் குண்டுப் பஞ்சம் பெரும் அரசியல் புயலாக மூண்டது. அமைச்சரவை மாறியது; தளவாட உற்பத்திக்கெனத் தனி அமைச்சகம் நிறுவப்பட்டு லாயிட் ஜார்ஜ் அதன் பொறுப்பை ஏற்றார். ஆலைகள் பெருகின, பெண்கள் பெருந்திரளாக வேலைக்கு வந்தனர். இருந்தும் வேறோர் இடர் குறுக்கிட்டது.

அருவங்காட்டில் செய்யப்பட்ட அதே கார்டைட்தான் பிரிட்டிஷ் பீரங்கிகளின் உந்துமருந்து. அதனைச் செய்வதற்கு அசிட்டோன் என்னும் திரவம் வேண்டும். மரத்தைக் காய்ச்சி வடித்துப் பெறும் அத்திரவத்தின் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது. போர்த் தேவை பன்மடங்கு ஆனபொழுது அது போதவில்லை. மான்செஸ்டர்ப் பல்கலைக்கழக வேதியியலறிஞர் சாயிம் வைஸ்மன், மக்காச்சோள மாவை நுண்ணுயிரியால் புளிக்க வைத்து அசிட்டோன் எடுக்கும் முறையைக் கண்டு உதவினார். பின்னர் நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதலால் மக்காச்சோளமும் அருகியது. 1917-ல் பள்ளிப் பிள்ளைகள் மரத்தடியில் உதிர்ந்த குதிரைக் கஷ்கொட்டைக் காய்களைப் பொறுக்கிச் சேர்க்க அனுப்பப்பட்டனர்!

கடலாண்ட ஒரு பேரரசின் பீரங்கி, சிறுவர் பொறுக்கும் காயை எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது. பெரிய பீரங்கியின் வலிமை, அதற்குரிய பொருள்களுள் மிகச் சிறியதன் கையிருப்பைப் பொறுத்தது என்பதே இதனால் பெறப்படும் உண்மை.

நாற்பதுகளின் பாடம்

இரண்டாம் உலகப் போரில் இந்தியா மீண்டும் பட்டறையாயிற்று. 1940-ல் ரோஜர் குழு பிரிட்டனிலிருந்து வந்து நம் தொழில் வசதிகளை ஆராய்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் டில்லியில் கீழ்த்திசை நாடுகளின் மாநாடு கூடி, சூயெசுக்குக் கிழக்கேயுள்ள படைகளுக்கு வேண்டியவற்றை இப்பகுதி நாடுகளே செய்து தருதல் வேண்டும் என ஆராய்ந்தது. ரயில்வேப் பணிமனைகள் கவச வண்டிகளுக்கு உடல் கட்டின. ஜாம்ஷெட்பூர்த் தகடுகளால் கவசம் பூண்ட வண்டிகள் 'டாட்டாநகர்' என்னும் பெயராலேயே படைகளில் வழங்கின. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் அவர்கள் மைசூர் அரசின் துணையுடன் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். பழகிய கைகள் போதாமையால், பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சர் பெவின் அவர்களின் பெயரால் வழங்கிய திட்டத்தின் கீழ் இந்திய இளைஞர் பயிற்சிக்காகக் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். போர் நடுவே ஆளைத் தேடிப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது என்பதே முன்னேற்பாடின்மைக்குச் சான்று.

இவ்வுற்பத்திக்கு நம் மக்கள் கொடுத்த விலையையும் மறக்கலாகாது. வாங்கிய பண்டங்களுக்குப் பிரிட்டன் உடனே ஈடாகப் பண்டம் தரவில்லை. லண்டனில் நம் கணக்கில் பவுன் வரவு வைத்தது. போர் முடிவில் அத்தொகை ஏறத்தாழ 130 கோடி பவுனாக உயர்ந்திருந்தது. இங்கோ நோட்டுகள் பெருகின. துணியும் அரிசியும் அருகின. விலைவாசி விண்ணை முட்டியது. 1943-ல் வங்கத்தில் 20 இலட்சத்திலிருந்து 30 இலட்சம் வரை மக்கள் மாண்ட பெரும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல; போர்க்காலப் பணவீக்கம் அவற்றுள் ஒன்று. முன்கூட்டித் திட்டமிடாமல், சிவில் தேவையைப் பிடுங்கிப் போர்த்தேவைக்குக் கொடுக்கும் உற்பத்தி, ஏழையின் உலைப்பானையைக் கவிழ்த்துவிடும். படைக்கல ஆற்றலை முன்கூட்டியே வளர்க்க வேண்டும் என்று நாம் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காப்பி வடித்த கதை

நாடு விடுதலை பெற்ற 1947-ல் நம் கையில் 18 படைக்கலத் தொழிற்சாலைகள் இருந்தன. போர்க்காலத்து ஆணைகள் நின்றபின் அவற்றுக்கு என்ன வேலை கொடுப்பது? இயந்திரம் சும்மா இருந்தால் துருவேறும். பழகிய கை வேறு வேலை தேடிச் செல்லும். ஆகவே அவற்றுள் சில பொதுமக்களுக்குரிய பண்டங்களையும் செய்தன. 1957-ல் பாதுகாப்பு அமைச்சரான கிருஷ்ண மேனன், படைக்கு வேண்டிய வண்டிகளை உள்நாட்டிலேயே செய்ய முற்பட்டார். ஜெர்மானிய நிறுவனத்தின் உரிமம் பெற்று ஜபல்பூரில் சக்திமான் லாரி உருவாகலாயிற்று. பின்னாளில் அதே ஊரில் பிறந்த 'ஜோங்கா' வண்டி, தன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்திலேயே ஜபல்பூரைத் தாங்கியது.

எனினும் படைக்கலத் தொழிற்சாலைகள் காப்பி இறக்கும் கருவி செய்கின்றன என்னும் ஏளனமே பத்திரிகைகளிலும் மேடைகளிலும் ஓங்கி ஒலித்தது. காப்பிப் பித்துக்குப் பெயர் பெற்ற நம்மவரும் அதனைக் கேட்டு நகைத்திருப்பர். ஆனால் உண்மைக் குறை காப்பிக் கருவியில் இல்லை. ஓய்ந்திருக்கும் இயந்திரத்தில் வேறு பண்டம் செய்வது அறிவுடைமையே. அதே காலத்தில் புதுத் துப்பாக்கிக்குரிய கருவியமைப்பையும் எஃகையும் ஆணையையும் விரைந்து தராமையே குறை.

1962 அக்டோபர் 20-ல் சீனப் படைகள் எல்லையில் பாய்ந்தபொழுது அக்குறை வெளிப்பட்டது. நம் வீரர் பெரும்பாலோர் கையில் இருந்தது, ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் கையால் தாழ் இழுக்க வேண்டிய பழைய .303 துப்பாக்கியே. தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் 7.62 மில்லிமீட்டர்த் துப்பாக்கியை இஷாப்பூரில் செய்யும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. முனையில் நின்றவனுக்கு அது உரிய காலத்தில் எட்டவில்லை. அவ்வாண்டு நாடெங்கும் பெண்கள் தம் வளையல்களைக் கழற்றித் தேசியப் பாதுகாப்பு நிதிக்கு ஈந்தனர். அந்த ஈகை போற்றற்குரியது. ஆனால் வளையல் ஒரு திங்களில் துப்பாக்கி ஆகிவிடுமா? தங்கம் கொடுத்தால் அந்நியச் செலாவணி கிடைக்கும். செலாவணி கொடுத்தால், விற்பவன் மனம் வைத்தால், கப்பலேறி ஆயுதம் வரும். நம் உலையிலிருந்து அது வர வேண்டுமானால், ஐந்தாண்டுகளுக்கு முன்னரே நாம் உலை மூட்டியிருக்க வேண்டும்.

1962 நவம்பரில் பாதுகாப்பு உற்பத்திக்கெனத் தனித் துறை அமைக்கப்பட்டது. பொருளாதாரத்தையும் பாதுகாப்பையும் ஒருங்கிணைக்கும் அமைச்சர் பொறுப்பு, தொழில் நிருவாகத்தில் தேர்ந்தவரான நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பண்டாரா, வரங்காவ், சந்திரப்பூர், அம்பாஜரி முதலிய இடங்களில் அடுத்தடுத்துப் புதிய ஆலைகள் எழுந்தன. 1966-ல் திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, பிரிட்டிஷ் உரிமத்தின் கீழ் 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்டது.

அதே 1965-ல் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. அமெரிக்காவும் பிரிட்டனும் ஆயுத உதவியை நிறுத்திவிட்டன. பெங்களூரில் உரிமம் பெற்றுச் செய்துவந்த சிறிய நாட் விமானம் அப்போரில் பெயர் பெற்றது. பிறரை நம்பியிருந்த உதிரிப் பாகங்களோ தவிப்பைத் தந்தன. அவ்வாண்டு நவம்பரில் சிவில் தொழிலகங்களைப் பாதுகாப்புத் தேவையுடன் பிணைக்கப் பாதுகாப்பு வழங்கல் துறை ஏற்பட்டது. 1971 போரில் ஆவடியின் டாங்கிகள் களம் கண்டன. ஒன்பதாண்டு உழைப்பின் பயன் அது.

ஒரு குண்டின் பிறப்பு

ஆலை ஒன்று கட்டிவிட்டால் ஆயுதம் வந்துவிடும் எனச் சிலர் கருதலாம். 155 மில்லிமீட்டர்ப் பீரங்கியின் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 45 கிலோ. தேர்ந்த கலவையுடைய எஃகுக் கட்டியைச் செந்தழலாகக் காய்ச்சி, பெரும் அழுத்த இயந்திரத்தில் இட்டு உட்குடைவு செய்ய வேண்டும். வாய்ப்புறத்தைக் குவித்து, வெப்பப் பதம் கொடுத்து, மயிரிழையளவும் பிசகாமல் கடைய வேண்டும். அடிப்புறத்தில் செப்பு முதலிய மென்மையான உலோகத்தால் ஒரு பட்டை இறுக்க வேண்டும். குழலின் உட்புறத்து வரிகளைக் கவ்வி, குண்டைச் சுழலச் செய்வது அப்பட்டையே. அது தளர்ந்தால் குறி தவறும்.

அதன்பின் வேறோர் ஆலையில் வெடிமருந்தை உருக்கி உள்ளே ஊற்றி, மெல்ல மெல்ல ஆற வைக்க வேண்டும். உள்ளே ஒரு சிறு வெற்றிடம் இருப்பினும், சுடும் அதிர்ச்சியில் குண்டு குழலுக்குள்ளேயே வெடித்து நம் வீரனையே கொல்லக்கூடும். வெடிக்கும் தருணத்தை ஆளும் ப்யூஸ் மற்றோர் ஆலையில் பிறக்கிறது. உந்துமருந்து இன்னோர் ஆலையில். இவையனைத்தும் கூடியபின், இட்டார்சி, பாலாசோர் போன்ற சோதனைக் களங்களில் மாதிரிக்குச் சிலவற்றைச் சுட்டுப் பார்த்த பின்னரே ஒரு தொகுதி படைக்குச் செல்லும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் மற்றவை காத்துக் கிடக்கும். ஓடு ஆயிரம் இருந்து ப்யூஸ் நூறே இருந்தால், நம்மிடம் உள்ள குண்டு நூறே ஆகும்.

இருப்பின் நிலை எவ்வாறு இருந்தது? 1999 கார்கில் போரில் நம் பீரங்கிகளும் சிறுபீரங்கிகளும் ராக்கெட் எறிகலங்களும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டன. இவ்வனுபவத்துக்குப் பின்னரும், 2015-ல் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கவலைக்குரிய செய்தியைக் கூறியது. கடும்போர் 40 நாள் நடப்பினும் தாங்கும் இருப்பு வேண்டும் என்பது விதி. 20 நாளுக்கு உரியதேனும் இருத்தல் வேண்டும் என்பது குறைந்த அளவு. 2013 மார்ச்சில் ஆராய்ந்த 170 வகை வெடிபொருள்களுள் 125 வகைகள் அந்தக் குறைந்த அளவுக்கும் கீழே இருந்தன. இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. உக்ரைன் போரின்போது 2023 மார்ச்சில், ஓராண்டுக்குள் 10 இலட்சம் பீரங்கிக் குண்டுகளை அளிப்பதாக ஐரோப்பிய ஒன்றியம் வாக்களித்தது. தவணை முடிந்தபொழுது ஏறத்தாழப் பாதியே அளிக்க முடிந்தது. அவர்களிடம் பணம் இல்லையா? பணம் இருந்தது. முப்பதாண்டு அமைதியில் சுருங்கிவிட்ட ஆலைகளை ஓராண்டில் விரிக்க இயலவில்லை.

பெட்டியில் உறங்கிய வரைபடம்

அறிவும் ஆலையும் இருந்தும் துணிவில்லாமையால் காலம் வீணானதும் உண்டு. 1986-ல் ஸ்வீடன் நாட்டுப் போபோர்ஸ் பீரங்கிகள் 410 வாங்க ஒப்பந்தமாயிற்று. அவற்றை இங்கேயே செய்வதற்குரிய வரைபடங்களும் நமக்குக் கிடைத்தன. ஊழல் குற்றச்சாட்டுப் புயலில், பீரங்கியின் பெயரை உச்சரிக்கவும் அதிகாரிகள் அஞ்சினர். வரைபடங்கள் பெட்டியில் உறங்கின. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குப் பின்னரே அவற்றைத் தூசு தட்டி எடுத்து, குழலின் நீளத்தைக் கூட்டி, ஜபல்பூர்த் தொழிற்சாலை 'தனுஷ்' பீரங்கியை உருவாக்கியது. 2019 ஏப்ரல் 8-ல் முதல் ஆறு பீரங்கிகள் படையிடம் ஒப்படைக்கப்பட்டன. குற்றம் செய்தவரைத் தண்டிப்பது வேறு. தொழிலை முடக்குவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் ஒரு தலைமுறைப் பட்டறை அனுபவத்தை இழந்தோம்.

விமானத் துறையில் எஞ்சினே தீராக் குறையாக நிற்கிறது. ஜெர்மானிய வல்லுநர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான மாருத் விமானம் 1961 ஜூன் 17-ல் பறந்தது. அழகிய உடல், தகுந்த ஆற்றலுடைய எஞ்சின்தான் கிட்டவில்லை. எதிர்பார்த்த வேகத்தை அது எட்டாமற் போயிற்று. அறுபதாண்டுகளுக்குப் பின், நம் தேஜாஸ் விமானத்தின் புதிய வகையும், அமெரிக்க எஞ்சின்கள் குறித்த காலத்தில் வந்து சேராமையால் 2024-ல் காத்துக் கிடந்தது. உடல் நம்முடையதாகவும் உயிர் பிறருடையதாகவும் இருக்கும்வரை தன்னிறைவு என்னும் சொல் முழுப் பொருள் தராது.

இக்காலத்து மாற்றங்களும் பெரியன. 2021 அக்டோபர் 1-ல், 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கவச வாகன நிறுவனத்தின் தலைமையிடம் ஆவடியில் அமைந்தது. தொழிலாளர் சங்கங்கள் இம்மாற்றத்தை எதிர்த்தன. வேலையின் உறுதியும் ஓய்வூதியமும் என்னாகும் என்னும் கவலை குடியிருப்புகளில் பேசப்பட்டதை நம் வாசகர் பலர் நேரில் அறிவர். 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து மையங்களை இணைக்கிறது. 2024-25-ல் நாட்டின் பாதுகாப்பு உற்பத்தி ஏறத்தாழ 1,50,000 கோடி ரூபாயையும், ஏற்றுமதி 23,600 கோடி ரூபாயையும் எட்டின. மகிழத்தக்க வளர்ச்சியே. ஆனால் ரூபாய்க் கணக்கு ஒன்றே ஆற்றலின் அளவாகாது. திங்களுக்கு எத்தனை குண்டு செய்ய முடியும், தேவை மூன்று மடங்கானால் எத்தனை வாரத்தில் எட்ட முடியும், அதற்குரிய பொருளில் எவ்வளவு நம் மண்ணிலிருந்தே கிடைக்கும் என்பவையே சரியான கேள்விகள்.

சோறா, குண்டா?

வறுமை நீங்காத நாட்டில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பொருளைத் துப்பாக்கிக்குச் செலவிடலாமா என்று கேட்போர் உளர். கேட்க வேண்டிய கேள்வியே அது. படைக்கலம் சேர்ப்பதையே பெருமையாகக் கொண்ட அரசுகள் தம் மக்களைப் பட்டினி போட்டதை உலகம் கண்டிருக்கிறது. நாம் வேண்டுவது ஆயுதக் குவியல் அன்று; வேண்டும்போது செய்யும் திறன். குவித்து வைத்த குண்டு ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுதாகும். திறனோ அமைதியிலும் பயன் தரும். நல்ல எஃகு உழுபடைக்கும் உதவும். துல்லியமான கடைசல் மருத்துவக் கருவிக்கும் உதவும். லாரி செய்யத் தெரிந்த பட்டறை பேருந்துக்கும் பாகம் செய்யும். ஓய்ந்த நாளில் காப்பிக் கருவி செய்வதை இழிவாகக் கருதாமல், போர்த்தேவை வந்தால் எவ்வளவு விரைவில் அந்த இயந்திரத்தை மாற்ற இயலும் என்று திட்டமிட்டு வைப்பதே முறை. தீயணைப்பு வண்டி ஆண்டு முழுதும் நின்றாலும் அதனை வீண் செலவென்று யாரும் சொல்வதில்லை.

கையும் உயிரும்

திருக்குறளில் அரண் என்னும் அதிகாரத்தில், வேண்டும் பொருளெல்லாம் நிறைந்திருப்பதோடு, தக்க சமயத்தில் உதவும் நல்ல வீரரையும் உடையதே அரண் என்று வள்ளுவர் கூறுகிறார். இன்றைய அரணுக்குள் பட்டறைத் தொழிலாளியும் அடங்குவான். எஃகு பதமடைந்ததை உலையின் நிறங்கண்டு உணர்பவனும், இயந்திரத்தின் ஓசை மாறியதைக் கேட்டே கத்தி தேய்ந்ததை அறிபவனும் ஆறு மாதப் பயிற்சியில் உருவாவதில்லை. மூத்தவர் ஓய்வு பெறுமுன் இளையவர் அவர் அருகில் நின்று பழக வேண்டும். ஆள்சேர்ப்பைப் பத்தாண்டு நிறுத்தி வைத்தால் அத்தொடர் அறுந்துபோம். இயந்திரத்தை இறக்குமதி செய்யலாம். அறுந்த தொடரை இறக்குமதி செய்ய இயலாது.

அந்தக் கைகளின் உயிரும் விலைமதிப்பற்றது. 2025 ஜனவரி 24-ல் மகாராஷ்டிரத்துப் பண்டாராவிலுள்ள படைக்கலத் தொழிற்சாலையில் நேர்ந்த வெடிவிபத்தில் எட்டுப் பேர் உயிர் நீத்தனர். அவர்கள் எல்லையில் நின்றவர் அல்லர். காலையில் வீட்டில் சொல்லிக்கொண்டு வேலைக்குச் சென்றவர்கள். உற்பத்தியைப் பெருக்குக என்னும் ஆணை எழுந்தோறும், பழைய கட்டடங்களைப் புதுப்பித்தலும், மனிதக் கை நெருங்க வேண்டாத இடத்தில் எந்திரக் கையை நிறுத்துதலும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் முழுப் பயிற்சி அளித்தலும் அவ்வாணையின் பகுதியாகவே அமைதல் வேண்டும். பாதுகாப்பில்லாத ஆலையால் நாட்டுக்குப் பாதுகாப்புத் தர இயலாது. ஒரு விபத்து ஒரு கட்டடத்தை மட்டுமன்றி, சங்கிலி முழுவதையும் திங்கள் கணக்கில் நிறுத்திவிடும்.

நாம் செய்யக் கூடியது

அரசுக்கு அறிவுரை கூறுவதோடு நம் கடமை முடியவில்லை. பிழைப்பு நாடி வெளிமாநிலம் வந்த நம் குடும்பங்களில், பிள்ளை எழுதுகோல் பிடிக்கும் வேலைக்கே போக வேண்டும் என்னும் ஆசை மிகுதி. கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பதைத் தாழ்வாகக் கருதும் மனம் இன்னும் மாறவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரும் மகனையும் மகளையும், பொறியியற் கல்லூரியில் சேர்வோரைப் போலவே பெருமையுடன் வழியனுப்புவோம். உலோகவியல், வெடிபொருள் வேதியியல், எஞ்சின் பொறியியல் போன்ற கடினத் துறைகளில் நுழைவோர்க்கு ஊக்கம் தருவோம். ஓய்வு பெற்ற தொழிலாளர் நம்மிடையே பலர் உளர். காக்க வேண்டிய மறைபொருள்களைக் காத்து, பொதுவான தொழில் நுணுக்கங்களை இளைஞர்க்குச் சொல்லித் தர அவர்கள் முன்வந்தால், மாலைப் பொழுதில் சங்கக் கட்டடமே ஒரு பள்ளியாகும்.

தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருவோரிடமும் நாம் கேட்க வேண்டியவை உள. புதிய ஆலைக்கு அடிக்கல் நாட்டியதைச் சொல்வோரிடம், பழைய ஆலையில் ஓய்வு பெற்றோர் இடங்கள் நிரப்பப்பட்டனவா என்று கேட்போம். வெளிநாட்டில் வாங்கிய கருவியின் பெருமையைச் சொல்வோரிடம், அதன் உதிரிப் பாகத்தை இங்கே செய்ய இயலுமா என்று கேட்போம். விபத்து நேர்ந்தபின் இரங்கல் தெரிவிப்போரிடம், விசாரணை அறிக்கை என்னவாயிற்று என்று கேட்போம். இக்கேள்விகளை அமைதிக் காலத்தில் கேட்டால்தான் பயன் உண்டு. போர் வந்தபின் கேட்பதற்கு நேரமிராது. அப்பொழுது அவற்றுக்கு விடை சொல்லுபவன் முனையில் நிற்கும் வீரனாகவே இருப்பான்.